பகலில் சொல், இரவில் ஆடு: கதையில் எதைச் சொல்வது, எதைக் காட்டுவது? புதிதாக எழுத வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா தொடங்கிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பந்தலில் பாரதம் படிப்பார்கள். பிரசங்கியார் வில்லிபாரதத்துப் பாட்டைப் பாடி, பேச்சு நடையில் விரித்துக் கதை சொல்வார். பதினெட்டு நாள், இருபது நாள் என்று ஊரின் வசதிப்படி இது நீளும். கடைசி எட்டுப் பத்து நாட்களில் இரவுக் கூத்தும் சேர்ந்துகொள்ளும்: வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். இறுதி நாள் காலையில் களிமண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். அதுதான் படுகளம். பீமன் தொடையைப் பிளப்பான், திரௌபதி கூந்தலை முடிப்பாள், மாலையில் தீமிதி.

இவ்வளவு பெரிய கதையில் ஆடிக் காட்டுவதற்கென்று எடுத்துக்கொண்டது எட்டுப் பத்து இரவுகள்தான். மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பாண்டவர்கள் பன்னிரண்டு வருஷம் காட்டில் இருந்தார்கள் என்பதற்காக யாரும் பன்னிரண்டு இரவு காட்டை ஆடுவதில்லை; அதில் அர்ச்சுனன் தபசு மட்டும் ஓர் இரவைப் பிடித்துக்கொள்கிறது. சொல்ல வேண்டியது எது, ஆட வேண்டியது எது, தரையில் கிடத்தி ஊரைச் சுற்றி நிற்கவைக்க வேண்டியது எது என்ற கணக்கை இந்த வட்டாரம் எப்போதோ போட்டு முடித்துவிட்டது. இந்த வழிகாட்டி அந்தக் கணக்கின்மேல்தான் நடக்கிறது.

முதலில் வித்தியாசத்தைப் பார்த்துவிடுவோம்

'ஏழுமலை ஏழை விவசாயி. மகள் கௌரியைக் காலேஜில் சேர்க்கப் பணமில்லாமல் தவித்தார். மல்லாட்டை விலை இறங்கியதும் மனமுடைந்தார். கௌரிக்கு அப்பாமேல் உயிர்.'

இது சொல்வது. நான்கு வாக்கியத்தில் நான்கு செய்தி. வாசகர் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. நீங்கள் சொன்னதை நம்பியாக வேண்டும். (மல்லாட்டை என்றால் நிலக்கடலை. நடுநாட்டில், அதாவது இந்த விழுப்புரம் வட்டாரத்தில், அப்படித்தான். நிலக்கடலை என்று எழுதினால் ஏழுமலை வேறு ஜில்லாவுக்குப் போய்விடுவார்.)

அதையே காட்டினால் (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை இங்கே எல்லோரும் கமிட்டி என்பார்கள்):

'கமிட்டியின் சிமென்ட் தரையில் கொட்டியிருந்த மல்லாட்டையை ஏழுமலை காலால் ஒருமுறை பரப்பிவிட்டார். வியாபாரி ஒரு பிடி அள்ளி, இரண்டை உடைத்து, பருப்பை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மற்றதைக் குவியலிலேயே உதறிவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்ந்தார்.

"சீட்டு எழுதலையா?" என்றாள் கௌரி.

"எழுதுவாங்க."

"போன வாரம் அவ்ளோ நேரம் பாத்தாங்களே நைனா."

ஏழுமலை குனிந்து, வியாபாரி உதறிய பருப்பைத் தேடி எடுத்தார். மண்ணை ஊதிவிட்டு அவளிடம் நீட்டினார். "இந்தா, தின்னு. நல்ல பருப்பு."'

ஏழ்மை, தவிப்பு, பாசம் என்ற சொற்கள் எதுவும் இதில் இல்லை. ஆனால் இடம் எவ்வளவு அடைத்துக்கொண்டது பாருங்கள். முதலில் இருந்ததைப்போல மூன்று மடங்கு. காட்டுவது செலவு பிடித்த வேலை. அதனால்தான் எல்லாவற்றையும் காட்டிவிட முடியாது.

இந்த விதி எங்கிருந்து வந்தது

'சொல்லாதே, காட்டு' என்று எழுத்துப் பட்டறைகளில் ஒரு மந்திரம்போல ஓதுகிறார்கள். 1886இல் அந்தோன் செகாவ் தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில், நிலவொளியை வர்ணிக்காமல் அணைக்கட்டில் மின்னும் உடைந்த புட்டித்துண்டைக் காட்டினாலே நிலவு வந்துவிடும் என்ற பொருளில் யோசனை சொன்னார். 1921இல் பெர்சி லப்பக் நாவல் கலையைப் பற்றி எழுதிய புத்தகம் காட்டுவதை உயர்ந்த முறையாக நிறுத்தியது. நாற்பது வருஷம் கழித்து, 1961இல், வெய்ன் பூத் வந்து, ஆசிரியரின் குரலைக் கதையிலிருந்து முழுக்கத் துடைக்கவே முடியாது, துடைக்க வேண்டியதும் இல்லை என்று விரிவாக வாதாடினார். பட்டறைக்காரர்கள் லப்பக்கோடு நின்றுவிட்டார்கள்.

நமக்கு இது இறக்குமதிச் சரக்கும் இல்லை. பிரிவால் மெலிந்தாள் என்று சொல்வதைவிட வளை கழன்று விழுவதைக் காட்டுவது சங்கப் பாட்டின் அன்றாட வேலை. மனத்தில் இருப்பது உடலில் எப்படித் தெரியவரும் என்பதற்குத் தொல்காப்பியம் தனி இயலே வைத்திருக்கிறது. கூடவே சொல்கதை மரபும் நமக்கு உண்டு. இரண்டு கையும் இருக்கும்போது ஒரு கையைக் கட்டிக்கொண்டு எழுதுவானேன்?

படி 1: கதை முழுவதையும் வாயால் சொல்லிப் பாருங்கள்

எழுத உட்காரும் முன், கதையை ஒரு நண்பருக்குச் சொல்வதுபோல இரண்டு நிமிஷத்தில் சொல்லுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளலாம். இதில் காட்சி வேண்டாம், வசனம் வேண்டாம். யார், என்ன வேண்டும், எது தடுத்தது, கடைசியில் என்ன ஆயிற்று.

வில்லிபாரதம் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுக்காரர். அதாவது இந்த நடுநாட்டுக்காரர். வியாசரின் பதினெட்டுப் பருவங்களில் முதல் பத்தோடு அவர் நிறுத்திக்கொண்டார். எதை விடுவது என்று தெரிந்தவர் கையில்தான் கதை நகரும். உங்கள் பதிவைக் கேட்கும்போது ஒன்று தெரியும்: சில இடங்களில் குரல் தானாக வேகமெடுக்கும், சில இடங்களில் 'அப்போ அவன் என்ன பண்ணான் தெரியுமா' என்று நின்றுவிடும். நின்ற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: இரவுகளைத் தேர்ந்தெடுங்கள்

குறித்த இடங்கள் எல்லாமே காட்சியாகிவிடாது. நான் வைத்திருக்கும் சோதனை மூன்று கேள்விதான். இந்த இடத்தில் யாராவது ஒரு முடிவு எடுக்கிறார்களா? இதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாதா? ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு வெவ்வேறு விஷயம் வேண்டியிருக்கிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் ஆடலாம். மூன்றுக்கும் இல்லை என்றால் பிரசங்கியாரிடம் விட்டுவிடுங்கள்.

கூத்துக்கு எடுத்த கட்டங்களை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். துகிலுரிதலுக்குப் பிறகு அந்தக் குடும்பம் ஒருநாளும் பழைய குடும்பம் ஆகாது. கிருஷ்ணன் தூதில் சபையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று வேண்டும். நடுவே பாண்டவர்கள் எந்தக் காட்டிலிருந்து எந்தக் காட்டுக்கு நடந்தார்கள் என்பது மதியத்துக் கதை.

புதிதாக எழுதுபவர் கதையில் நான் அடிக்கடி பார்ப்பது இதற்கு நேர்மாறு. அலாரம் அடிக்கிறது, பல் தேய்க்கிறான், காப்பி குடிக்கிறான், திண்டிவனம் பஸ் பிடிக்கிறான், ஜன்னலோர சீட் கிடைக்கிறது. எல்லாம் விஸ்தாரமான காட்சி. பஸ் விட்டு இறங்கி அண்ணனோடு பாகப்பிரிவினைச் சண்டை போட்டது மட்டும் 'வாக்குவாதம் முற்றியது' என்று ஒரு வரி. சண்டையை எழுதப் பயம். பல் தேய்ப்பதில் பயமில்லை. எந்த இடத்தை எழுதக் கை கூசுகிறதோ, பெரும்பாலும் அதுதான் நீங்கள் ஆட வேண்டிய இரவு.

இரண்டாயிரம் சொல் கதைக்கு இரண்டு காட்சி, மிஞ்சினால் மூன்று. நாவல் கணக்கு வேறு.

படி 3: காட்சியை எழுதும்போது கையைப் பாருங்கள்

காட்சி என்றவுடன் பலர் வர்ணனையில் இறங்கிவிடுகிறார்கள். ஆகாயத்தின் நிறம், காற்றின் குளிர், தூரத்து மலை. செஞ்சிக் கோட்டை கண்ணில் பட்டால் அதற்கு ஒரு பத்தி. வர்ணனை வேறு, காட்டுவது வேறு. ஒரு மனிதர் ஒரு பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஏழுமலை காட்சியில் இருப்பவை மல்லாட்டைக் குவியல், வியாபாரியின் உள்ளங்கை, எழுதப்படாத சீட்டு, உதறப்பட்ட ஒரு பருப்பு. இவை தொழிலோடு வருபவை. கமிட்டியில் வியாபாரி சத்தம் போட்டு ஏலம் கேட்பதில்லை, சீட்டில் விலை எழுதிப் போடுகிறார். இது தெரிந்ததால்தான் சீட்டு எழுதாமல் நகர்வது ஓர் அடியாக விழுகிறது. தெரியாதவர் 'வியாபாரி உதட்டைப் பிதுக்கினார்' என்று எழுதியிருப்பார். எந்த ஊர் வியாபாரியும் எந்தச் சரக்குக்கும் உதட்டைப் பிதுக்கலாம்.

ஆகவே காட்டுவதன் முதல் செலவு சொற்களில் இல்லை, விசாரிப்பதில் இருக்கிறது. மரக்காணத்து உப்பளத்தை எழுதப் போகிறீர்களா? மேட்டில் உப்பை வாரிக் குவிப்பவர் காலில் என்ன போட்டிருக்கிறார், தண்ணீரை எங்கே வைத்துக்கொள்கிறார் என்று போய்ப் பாருங்கள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நடக்கும் கதையா? நோயாளியோடு வந்தவர்கள் இரவில் எதை விரித்துப் படுக்கிறார்கள் என்று தெரியாமல் முதல் வரி எழுத வேண்டாம்.

விசாரித்ததை எல்லாம் கொட்டிவிடவும் கூடாது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான மல்லாட்டை ரகங்கள் டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு வரும். திண்டிவனம் என்ற பெயரே அந்த எழுத்துகளில் ஒளிந்திருக்கிறது. இதைக் கேள்விப்பட்டதும் கதைக்குள் வைக்கக் கை துடிக்கும். ஏழுமலைக்கு அது தினமும் வாயில் புரளும் பெயர். அவர் அதை யாருக்கும் விளக்கமாட்டார். அவர் சொல்லாததை நீங்களும் விட்டுவிடுங்கள். கட்டுரை எழுதும்போது பயன்படும். எனக்குப் பயன்பட்டுவிட்டது.

உணர்ச்சிக்கு உடம்பைக் காட்டும்போது ஓர் எச்சரிக்கை. கோபம் என்று எழுதக் கூடாது என்றதும் கண்கள் சிவக்கும், மீசை துடிக்கும், நரம்பு புடைக்கும், உதடு நடுங்கும். பெயரின் முதலெழுத்திலேயே விழுப்புரத்தை வைத்திருந்த சிவாஜி கணேசன் ஒருவருக்குத்தான் அது முகத்தில் பொருந்தியது. காகிதத்தில் மீசை துடித்தால் அது 'கோபம்' என்ற சொல்லைவிட மோசமான சொல். அதே செய்தியைச் சுற்றிவளைத்துச் சொல்கிறது, அவ்வளவே. கோபம் வந்தவர் அந்த நேரத்தில் செய்யக்கூடிய ஆகச் சின்ன காரியம் எது? சைக்கிள் ஸ்டாண்டை இரண்டு முறை தட்டிப் போடுவாரா? தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போவாரா? அதைத் தேடுங்கள்.

படி 4: பேச்சுக்குள் தகவலைத் திணிக்காதீர்கள்

வசனம் வைத்துவிட்டால் காட்டியதாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. 'அப்பா, நான் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்து, பீஸ் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்பது உங்களுக்கே தெரியுமே!' உங்களுக்கே தெரியும் என்றால் எதற்காகச் சொல்கிறாள்? வாசகருக்காக. மேற்கோள் குறிக்குள் புகுந்துகொண்டு ஆசிரியர் பேசுகிறார்.

'"வெள்ளிக்கிழமை கடைசி நாளாம்."

"தெரியும்."

"நாலு மணிக்குள்ள."

"தெரியும்னு சொல்றன் இல்ல."'

என்ன பீஸ், எந்தக் காலேஜ் என்பதை முந்தின பத்தியில் ஒரே வரியில் நீங்களே சொல்லிவிட்டால், இந்த நான்கு வரியும் சுதந்திரமாக நிற்கும். சொல்வதும் காட்டுவதும் ஒன்றுக்கொன்று உதவுவது இப்படித்தான்.

வட்டாரப் பேச்சை எவ்வளவு வைப்பது என்று அடுத்த சந்தேகம் வரும். விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்திருக்கிறார். அவருடைய 'அஞ்சலை' நாவலில் அந்த மொழி உரையாடலில் மட்டுமல்லாமல் கதை சொல்லும் குரலிலும் ஏறியிருக்கிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் அதில் பேசுவதும் புலம்புவதும்தான் நாவலின் பெரும்பகுதி. அவள் தன் நிலையைச் 'சொல்கிறாள்', ஆனால் அந்தப் புலம்பலே நம் முன் நடக்கும் ஒரு காட்சியாகிவிடுகிறது. இந்த இரண்டையும் படித்தவருக்கு, சொல்வது தட்டையானது என்ற எண்ணம் போய்விடும். தொடக்கத்தில் நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் வீட்டு மூத்தவர் வாயில் வராத வட்டாரச் சொல்லை, அழகாக இருக்கிறதே என்று அகராதியிலிருந்து எடுத்து வைக்காமல் இருப்பது.

படி 5: சொல்கிற இடத்தை நன்றாகச் சொல்லுங்கள்

இங்கேதான் பெரும்பாலான வழிகாட்டிகள் கைவிரித்துவிடுகின்றன. காட்டுவதற்கு நூறு யோசனை தருவார்கள். சொல்வதைக் குறைத்துக்கொள் என்பதோடு சரி. ஆனால் உங்கள் கதையில் பாதிக்குமேல் சொல்வதாகத்தான் இருக்கப்போகிறது. அது செத்த பாதியாக இருக்க வேண்டியதில்லை. மதிய வெயிலில் பந்தலில் உட்கார்ந்து கதை கேட்பவர்கள், அடுத்து என்ன என்று தெரிந்தும் எழுந்து போவதில்லை. அவர்களைப் பிடித்து வைப்பது பிரசங்கியாரின் குரல்.

நல்ல சொல்லலுக்குக் குறிப்பான தகவல் வேண்டும், ஒரு பார்வை வேண்டும். 'பல வருடங்களாக மழை பொய்த்ததால் விவசாயிகள் சிரமப்பட்டனர்' என்பதில் பார்வை இல்லை, அது செய்தித்தாள். 'மூன்று வருஷம் மழை நேரத்துக்குப் பெய்யவில்லை. நான்காம் வருஷம் பெய்தது, எல்லோருக்கும் பெய்தது. கமிட்டியில் மூட்டை வைக்க இடமில்லை.' இதுவும் சொல்வதுதான். காட்சி கிடையாது, வசனம் கிடையாது. ஆனால் 'எல்லோருக்கும் பெய்தது' என்பதில் விலை ஏன் விழுந்தது என்பதும், அதைச் சொல்பவரின் கசப்பும் இருக்கின்றன. நான்கு வருஷம் மூன்று வரியில் கடந்துவிட்டது.

இதைக் கற்றுக்கொள்ள தூரம் போக வேண்டாம். விழுப்புரத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த த. பழமலய் 'சனங்களின் கதை' என்ற கவிதைத் தொகுப்பில், தனக்குத் தெரிந்த மனிதர்களைப் பெயரும் உறவுமாக, பேச்சு மொழியில், நேரடியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறையப் பஸ்ஸில் போனால் புதுச்சேரி; கி. ராஜநாராயணன் 2021இல் மறையும்வரை பல வருஷம் அங்கேதான் இருந்தார். 'கோபல்ல கிராமம்' முழுக்கச் சொல்கதை. பட்டறை விதிப்படி பார்த்தால் அதில் பாதியை வெட்ட வேண்டும். வெட்டுகிறவர் கை என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

படி 6: இரண்டையும் பின்னுதல்

கூத்தில் ஒரு வேஷம் நேராக நுழையாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அந்த வேஷமே தன்னைப் பற்றிப் பாடும், அதுவும் படர்க்கையில்: இன்ன ராசா வருகிறான், இன்ன மாதிரி வருகிறான் என்று. திரை விலகியதும் கட்டியக்காரன் குறுக்கே வந்து நீ யார், எந்த ஊர் என்று விசாரிப்பான். இத்தனையும் சொல்லல். இதற்குப் பிறகுதான் ஆட்டம். சொல்லிவிட்டதால் ஆட்டத்தின் வேகம் குறைவதில்லை. யாரென்று தெரிந்துவிட்டதால் பார்ப்பவர் கண் இனி அவர் என்ன செய்கிறார் என்பதிலேயே இருக்கும்.

முதல் பத்தியில் எல்லாவற்றையும் மறைத்து வைத்து வாசகரைத் தவிக்கவிடும் பழக்கம் உள்ளவர்கள் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். (புதுமைப்பித்தனும் சின்ன வயதில் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடங்களில் படித்தவர், தகப்பனாருக்கு வருவாய்த் துறை உத்தியோகம், ஊர் ஊராக மாற்றல்.) செல்லம்மாள் இறந்துவிட்டாள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அப்புறம் அவள் கணவர் அவளைப் பார்த்துக்கொண்ட நாட்களுக்குப் போகிறார். ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர், நோயாளி மனைவிக்குச் சேலைகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்; முடிவு நமக்குத் தெரியும் என்பதாலேயே அந்தச் சேலைகளைப் பார்க்க முடிவதில்லை. முடிவைச் சொன்னார், நடந்ததைக் காட்டினார்.

அதே மனிதர் 'பொன்னகரம்' கதையின் இறுதியில் ஆசிரியராக நேரே வந்து நம்மிடம் பேசிவிட்டுப் போகிறார். விதிப்புத்தகம் வைத்திருப்பவர் சிவப்புப் பேனாவால் முதலில் அடிப்பது அந்த இடத்தைத்தான். அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், கதை சாய்ந்துவிடும். அந்தக் குரலின் எரிச்சல்தான் கதை.

இன்னொன்றும் படியுங்கள்: அசோகமித்திரனின் 'புலிக் கலைஞன்'. ஸ்டுடியோவில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்து, வாய்ப்புக் கேட்டு வந்த ஆள் புலியாக மாறும் இடத்தில் சட்டென்று காட்டத் தொடங்குவார். முடிந்ததும் மறுபடி சொல்லலுக்குத் திரும்பிவிடுவார். எந்த வரியில் மாறுகிறது, எந்த வரியில் திரும்புகிறது என்று பென்சிலால் குறித்தால் ஒரு வருஷப் பாடம் அரைமணியில் கிடைக்கும்.

படி 7: 'ஊரே திரண்டது' என்று எழுதும் முன்

சொல்வதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. அது சலிப்பு அல்ல, பொய். பொதுப்படையான வாக்கியம் சிலரை விழுங்கிவிடும்.

'கூத்துப் பார்க்க ஊரே திரண்டது.' எழுதச் சுலபமான வாக்கியம். எந்த ஊர்? விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவது தொடர்பான தகராறில், 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். இது தெரிந்த ஒருவர் 'ஊரே' என்ற சொல்லை அவ்வளவு லேசாகக் கையாள முடியாது. திரண்டவர்கள் எங்கெங்கே உட்கார்ந்தார்கள்? யார் பாயில், யார் மண்ணில், யார் வேலிக்கு அப்பால்? தேங்காய் உடைத்தது யார் முறை? இங்கே ஒரு நொடி காட்டியாக வேண்டும். விளக்கவுரை தேவையில்லை; யார் எங்கே நின்றார் என்பதை மட்டும் துல்லியமாக வைத்துவிட்டால் போதும், தமிழ்நாட்டு வாசகருக்கு மிச்சம் தெரியும்.

படி 8: படுகளத்தை விளக்காதீர்கள்

காட்டிவிட்ட பிறகு ஒரு வரி கூடுதலாக எழுதக் கை வரும். ஏழுமலை பருப்பை ஊதி நீட்டிய பிறகு, 'வறுமையிலும் மகளுக்குக் கொடுக்க அவரிடம் ஏதோ இருந்தது' என்று. அந்த வரி எழுதும்போது சுகமாக இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள், மறுநாள் அடித்துவிடுங்கள். மண்ணில் கிடக்கும் துரியோதனனைச் சுற்றி ஊர் நிற்கும்போது அதர்மம் அழிந்தது என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை. பிரசங்கத்துக்கு முந்தின மதியங்கள் எல்லாம் இருந்தன.

அடித்த பிறகு வாசகருக்குப் புரியுமா என்று பயம் வந்தால், வரியைத் திரும்ப வைக்காதீர்கள். முன்னால் போங்கள். புரிவதற்கு வேண்டிய தகவல் ஏதோ ஒன்று முதல் பக்கத்தில் சொல்லப்படாமல் விட்டுப்போயிருக்கும். அங்கே சொல்லுங்கள்.

படி 9: இரண்டு நிறப் பேனா

முதல் வரைவு முடிந்ததும் அச்செடுத்து, சொல்லும் வரிகளின் ஓரத்தில் நீலக்கோடு, காட்டும் வரிகளின் ஓரத்தில் பச்சைக்கோடு போடுங்கள். நீலம் மூன்று பக்கம் தொடர்ந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் சண்டையைத் தேடுங்கள். பச்சை மூன்று பக்கம் தொடர்ந்தால் அங்கே ஒரு நாளைக்கூடத் தாண்ட மனமில்லாமல் இருந்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு 'அடுத்த வாரம்' போட்டு வெட்டுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். 'அவள் பார்த்தாள், கேட்டாள், உணர்ந்தாள்' என்று தொடங்கும் வரிகளில் அந்த வினையை எடுத்துவிட்டாலும் பொருள் நிற்கிறதா பாருங்கள். 'வண்டி வருவதைக் கேட்டாள்' என்பதைவிட 'வண்டி வந்தது' போதும். அதேபோல் 'என்று கோபத்துடன் கூறினார்' என்பதில், பேச்சிலேயே கோபம் இருந்தால் 'என்றார்' போதும்.

பயிற்சி

விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என ஐந்து திசைக்குப் பாதை பிரிகிறது. ஒரு மாலை அங்கே பிளாட்பாரத்தில் உட்காருங்கள். வழியனுப்ப வந்த ஒருவரையும் ஊருக்குப் போகும் ஒருவரையும் பொறுக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்க வேண்டாம். கையில் என்ன, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். பெயர், உறவு, எல்லாம் நீங்களே கற்பனை செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை எழுதுங்கள். முதலாவது முழுக்கச் சொல்லல், நூறு சொல்லுக்குள்: இவர்கள் யார், ஏன் பிரிகிறார்கள். இரண்டாவது முழுக்கக் காட்சி, ஐந்நூறு சொல்: ரயில் வருவதற்கு முந்தின பத்து நிமிஷம், பின்கதை எதுவும் கூடாது. மூன்றாவதில் முதலாவதிலிருந்து மிக அவசியமான இரண்டு வாக்கியத்தை மட்டும் எடுத்து, இரண்டாவதுக்குள் எங்கே வைத்தால் காட்சி கனக்கிறதோ அங்கே வையுங்கள். இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரே வாக்கியம் ரயில் வரும் முன் இருந்தால் ஒரு கதை, ரயில் போன பின் இருந்தால் வேறு கதை.

பிறகு அதை எழுத்தோடு சம்பந்தமில்லாத ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். அவர் எந்த வரியில் போனை எடுக்கிறார் என்று கவனித்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். திருத்தத்தை அங்கிருந்து தொடங்கலாம்.